மேய்ச்சல் தரையைக் கூட்டி வைத்த கதை

எங்கள் ஊருக்குப் புதிதாக யார் வருவதானாலும் நாங்கள் முதலில் தேடுவது துடைப்பத்தைத்தான். வருகிறவர் எதற்கு வருகிறார் என்று கேட்கத் தோன்றாது. வாசல் குப்பையாகக் கிடந்தால் என்ன நினைப்பாரோ என்ற கவலைதான் பெரிதாக இருக்கும். அந்த நல்ல குணத்தால் என் மாடுகளை விற்க வேண்டிய நிலை வந்தது. தப்பித்தோம். எப்படித் தப்பித்தோம் என்பதைப் பெருமையாகத்தான் சொல்லப் போகிறேன். அடக்கமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

என்னிடம் மூன்று கறவை மாடுகளும் கொஞ்சம் ஆடுகளும் இருக்கின்றன. சொந்த நிலம் என்றால் ஒரு வெள்ளாடு தாண்டிவிடும் அளவுதான். ஏரிக்கரையிலிருந்து பாப்பாரப்பட்டி போகும் ரோடு வரை கிடக்கிற மேய்ச்சல் புறம்போக்குதான் எனக்கு வயலும் தோப்பும். காடு கழனி இல்லாத பாதி ஊருக்கும் அப்படித்தான். அங்கே மேய்ந்து, கரையோரத் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டு வரும் மாட்டைக் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றித்தான் மகளைப் படிக்க வைத்தேன். அவள் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

அந்தப் புறம்போக்கில் டேட்டா சென்டர் வரப்போகிறது என்றார்கள். அது என்ன சென்டர் என்று மகளிடம் போனில் கேட்டேன்.

"நீ தெனம் எனக்கு அனுப்புற கன்னுக்குட்டி வீடியோ எல்லாம் எங்கியாச்சும் ஒரு எடத்துல இருக்கணுமில்லம்மா. அந்த எடந்தான் அது" என்றாள்.

கட்டடம் நிறைய கம்ப்யூட்டர்கள் இருக்குமாம். அவை சூடாகுமாம். குளிரவைக்க இரவும் பகலும் கரண்டு வேண்டும், பல இடங்களில் தண்ணீரும் நிறைய வேண்டும் என்றாள். பெரிய பெரிய விசிறிகள் ஓயாமல் இரையும், கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓடும் என்றாள். கம்ப்யூட்டருக்கும் வேர்க்குமா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. சித்திரையில் எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது. சத்தமோ அதைவிட மோசம். மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினாலே என் மூத்த மாடு பாலை எக்கிக்கொள்ளும். கன்றை விட்டு ஊட்டினாலும், தடவிக் கொடுத்துக் கெஞ்சினாலும் மடி இறங்காது. திருவிழா முடிந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிடுவார்கள். அந்த விசிறிகளை யார் கழற்றுவது? மேய்ச்சலும் போய்ப் பாலும் போனால், மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போய் வெறும் கயிற்றோடு வீடு திரும்ப வேண்டியதுதான். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இடத்தைப் பார்க்க ஆபீசர்கள் வருகிறார்கள், சுத்தமாக இருக்கட்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார். அவர் கெட்டவரில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு நாலு வேலை கிடைக்கும் என்று நம்பினார். சுத்தம் என்றதும் என் ஓரகத்திக்குச் சாமி வந்துவிட்டது. அவள் என் கொழுந்தனாரின் மனைவி, எதிர்வீடு. அவள் வீட்டில் ஈ கூடக் காலைக் கழுவிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அவள் முன்னே போக, நாங்கள் எல்லாரும் பின்னே போனோம். சாணியைக் கூடை கூடையாக அள்ளினோம். தரையைக் கூட்டினோம். கார் நிற்கும் இடத்தில் கோலம்கூடப் போட்டாள். மாடுகளை வீட்டில் கட்டி வைக்கோல் போட்டோம். ஆபீசர்களும் கம்பெனி ஆளும் வந்து இளநீர் குடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ஊர் நல்ல சுத்தம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க எங்களுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த கிராம சபையில் கம்பெனிக்காரர் அந்தப் போட்டோக்களைத் திரையில் காட்டினார். நாங்கள் கூட்டிய தரை பளபளவென்று கிடந்தது. இது வெறும் தரிசு, இங்கே ஆடுமாடு எதுவும் மேய்வதில்லை, அதனால் யாருக்கும் பாதிப்பில்லை என்றார். நான் எழுந்து கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. படத்தில் ஒரு மாடாவது இருக்கிறதா, நீங்களே பாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டார். நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம், அதையும் துடைப்பத்தால் கூட்டி எடுத்துப் போட்டுக்கொண்டோம்.

இன்னொரு தடவை வந்து பாருங்கள் என்று விடாமல் கேட்டோம். முதல் தடவை வந்தவர்களில் ஒருவரான வருவாய்த்துறை அம்மாவும் கூட்டத்தில் இருந்தார், அவர் சரி என்றார்.

வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் நானும் ஓரகத்தியும் வீடு வீடாகப் போனோம். நாளைக்கு யாரும் மாட்டைக் கட்டக் கூடாது என்றதும் எல்லாரும் தலையாட்டினார்கள். சாணியையும் அள்ளக் கூடாது என்றபோதுதான் சண்டை வந்தது. பெரிய மனுஷியைச் சாணியில் நடக்கவிட்டால் ஊர் மானம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஊரைச் சமாதானப்படுத்திவிட்டேன், ஓரகத்தியைத்தான் முடியவில்லை. காலையில் பார்த்தால் துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிடுங்கி என் வீட்டுக் கூரைமேல் எறிந்தேன். கார் வரும்வரை அவள் அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரை முழுக்க மாடுகளும் ஆடுகளுமாக இருந்தன. வழியில் ஓர் எருமை படுத்திருந்ததால் கார் ரோட்டோரமே நின்றுவிட்டது. கம்பெனிக்காரரோடு வந்த அந்த அம்மா இறங்கி நடந்தார். நேராக ஈரச் சாணியில் கால் வைத்தார். ஊரே நாக்கைக் கடித்துக்கொண்டது. என் ஓரகத்தி செம்பில் தண்ணீரோடு ஓடினாள். போச்சு, இவள் மன்னிப்புக் கேட்டே காரியத்தைக் கெடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த அம்மாவின் காலைக் கழுவிக்கொண்டே அவள் கேட்கவும் செய்தாள்.

"மன்னிச்சிக்கோங்க மேடம். இந்த எடம் எப்பவும் இப்பிடித்தாங்க இருக்கும். அன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு நாங்கதாங்க மாட்டையெல்லாம் வூட்ல கட்டிட்டு, சாணிய அள்ளிட்டுக் கூட்டி வெச்சோம்."

அந்த அம்மா காலைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், பிறகு போட்டோ காட்டிய ஆளைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆளோ செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"இதுல உங்க மாடு எதும்மா?" என்று அந்த அம்மா கேட்டார்.

ஓரகத்தி தன் மாட்டைக் கூப்பிட்டாள். அது தலையைத் தூக்கிப் பார்த்தது. நான் என்னுடையவற்றைக் கூப்பிட்டேன். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட, அங்கங்கே ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தன. தண்ணீர் பற்றியும் சத்தம் பற்றியும் நெட்டுரு போட்டு வைத்திருந்த பேச்சைப் பேசி முடித்தேன். அதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மகளுக்கு வேலை கிடைத்த அன்றுகூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சுத்தக்காரியின் கை அன்று சாணி நாறியது.

அது ஊர் மாடுகள் மேயும் இடம் என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். கம்பெனி வேறு இடம் பார்க்கிறதாம். என் கன்றுக்குட்டி வீடியோ எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும். அவர்கள் அடுத்துப் பார்க்கப் போகும் ஊர்க்காரர்கள் துடைப்பத்தைக் கையில் எடுக்காமல் இருந்தால் சரி.

எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போதெல்லாம் ஊருக்குள் தெரியாத கார் நுழைந்தால் என் ஓரகத்தி துடைப்பத்தைத் தேடுவதில்லை. நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போய் மாட்டை அவிழ்த்துவிடுகிறாள்.