பரோட்டா பார்சலும் மக்கும் பையும்

மக்கும் பை தயாரிப்பவர்களிடம் உலகம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கையில் இருக்கும்வரை கிழியக் கூடாது, கீழே போட்டதும் இருக்கக் கூடாது. முன்னுக்குப் பின் முரணாக உத்தரவு போடும் முதலாளியிடம் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு என் பிழைப்பு புரியும். திண்டிவனத்தில் ஒரு சின்ன பை கம்பெனியில் நான் கெமிஸ்ட். விழுப்புரத்துப் பரோட்டா ஹோட்டல் ஒன்றின் ஆர்டர் கைவிட்டுப் போனால் இரண்டாவது மெஷினை நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதை ஓட்டும் செல்வியும் அவள் கூட்டாளிகளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்பளம்

சால்னா சூட்டில் பை தளர்கிறது என்று ஹோட்டலிலிருந்து புகார் வந்தது. டால்க் பவுடர் கொஞ்சம் சேர்த்தால், ஆறின சர்க்கரைப் பாகு பூத்துக்கொள்வது போலப் பிளாஸ்டிக்குக்குள் படிகங்கள் சீக்கிரம் உருவாகும்; பை விறைக்கும், சூடும் தாங்கும். கொஞ்சம் என்றுதான் நான் சொன்னேன். மூலப்பொருளைவிடப் பவுடர் மலிவு என்பது முதலாளிக்கு மனப்பாடம். நான் அந்தப் பக்கம் போனதும் மூட்டையையே கவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

வந்த பையெல்லாம் மடித்த இடத்தில் விரிசல் விட்டது. செல்வி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பட்டென்று உடைந்தது.

"இன்னா மேடம், இத்த சால்னாவுல தொட்டுக்கினு துன்னலாமா?"

ஜவ்வு

முதலாளி உடனே எதிர்ப்பக்கம் பாய்ந்தார். பையை மிருதுவாக்க ஒரு திரவம் உண்டு. அளவோடு விட்டால் பை வளைந்து கொடுக்கும், அதிகமானால் பலம் போய்விடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கைக்குப் பட்டு மாதிரி இருக்கட்டும் என்று கேன் கேனாக ஊற்ற வைத்தார்.

மறுநாள் புதுப் பை எப்படி என்று கேட்கப் போய் ஹோட்டல் கல்லாப்பெட்டி அருகே நின்றிருந்தேன். கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் புழுதி படிந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹேண்டில்பாரில் மாட்டிய பார்சல் நீண்டு நீண்டு தார் ரோட்டைத் தொட்டுவிட்டதாம். ஓனர் என்னைக் கை காட்டினார். அவமானத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பரோட்டாவ நான் வண்டில மாட்டிக்கினு போவல மேடம், நாய்க்குட்டியாட்டம் ரோட்டுல நடத்திக்கினு போனேன்."

உருப்படியான பை

இந்த முறை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கலவை அறைச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பவுடரும் திரவமும் நான் சொன்ன அளவு, மெஷினில் ஆற வைப்பதும் நான் சொன்ன வேகம். செல்வி பைக்குள் செங்கல்லைப் போட்டு ஆட்டினாள், பை கிழியவும் இல்லை, நீளவும் இல்லை. அவளுக்கு வேலை தப்பியது என்று நிம்மதியாக விழுப்புரம் கிளம்பினேன்.

ஹோட்டல் ஓனர் கொதிக்கும் சால்னாவை வைத்துப் பார்த்தார், இழுத்தார், கடித்தும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அவர் முகம் வாடிவிட்டது. மண்ணில் புதைத்தால் கட்டாயம் மக்கும், சோதித்துவிட்டோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

"ஜனங்க நம்பணுமே மேடம்! இவ்ளோ கெட்டியா இருந்தா பிளாஸ்டிக்குன்னு சண்டைக்கு வருவாங்க. ஊட்டுக்குப் போறதுக்குள்ள லைட்டா கிழியற மாதிரி பண்ணிக் குடுங்க, ஆர்டர் உங்களுக்குத்தான்."

செல்வியின் மெஷின் ஓடுகிறது. பலம் கூட்டப் படித்த நான், எவ்வளவு கிழிந்தால் ஊர் நம்பும் என்று ஆராய்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.