காடாச் சேலை

புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் கடை போட்ட முதல் வாரமே எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது: காடாத்துணிக்காரி. வெளுக்காமல், சாயம் ஏற்றாமல், பருத்தி எந்த நிறத்தில் வெடித்ததோ அதே நிறத்தில் நெய்த கைத்தறிச் சேலைகளை நான் விற்றேன். சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கு ‘மண்ணைக் கெடுக்காத உடை’ என்று மரியாதை. இங்கே அது தலையணை உறை தைக்கவும், பிணத்துக்குப் போர்த்தவும் வாங்குகிற காடாத்துணி. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தேதான் கடை போட்டேன். கட்டிப் பார்த்தால் மாறிவிடுவார்கள் என்று ஒரு திமிர்.

அதற்கு முன்பு கடையே கிடையாது. வீட்டு மாடியில் உட்கார்ந்து, போனில் படம் போட்டு, கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு தறிக்காரர், அவர் மனைவி, அவர்கள் வீட்டுக்குள் தரையில் குழி வெட்டிப் பூட்டிய இரண்டு குழித்தறி. அதுதான் என் கம்பெனி. பிறகு பெரிய கடைகள் என் சேலையைப் பார்த்தன. விசைத்தறியில் ஓட்டி, வெள்ளையாக வெளுத்து, அதன் மேல் வெளுக்காத துணியின் நிறத்தைச் சாயமாக ஏற்றி விற்றன. சாயமே போடாத நிறத்துக்குச் சாயம்! சிரித்தேன். அடுத்த மாதமே எனக்கு வரும் ஆர்டர்கள் பாதியாகக் குறைந்தன. சிரிப்பு நின்றது.

தறிக்காரர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். “தீபாவளிக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க. நாங்களும் வேற வழி பாக்கணும்ல” என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெளியூர்க்காரிகள் இன்றைக்கு வருவார்கள், நாளைக்குப் போவார்கள். நம் ஊர்ப் பெண்கள் கட்டினால் தறி நிற்காது. அதை நம்பித்தான் கடை.

முதலில் கட்டியிருக்க வேண்டியவள் என் அம்மா. என்னோடுதான் இருக்கிறாள். ஒரு சேலையை மடியில் வைத்தேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஏண்டி, ஒங்கப்பா செத்தப்பவே வெள்ளை கட்ட மாட்டேன்னு பங்காளி வீட்டோட சண்டை போட்டவ நானு. இப்ப நீ வந்து கட்டச் சொல்றியா?”

இது வெள்ளை இல்லை, சந்தன நிறம் என்றேன். “எந்த ஊர்ல சந்தனம் இப்புடி இருக்கு?” என்று எழுந்து போய்விட்டாள்.

கடைக்கு வந்தவர்கள் அம்மாவை விட நாகரிகமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதில் கலர் இல்லையா, ஜரிகை வைத்து வராதா, எப்போது வெளுத்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். ஒரு டீச்சர் நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு, “துணி அருமைங்க. ஆனா கட்டிட்டு ஸ்கூலுக்குப் போனா, யாரு வீட்ல துக்கம்னுதான் கேப்பாங்க” என்றார். சிரித்தபடி தலையாட்டினேன். அவர் படியிறங்கியதும் மேஜை மேலிருந்த அளவுகோலைத் தூக்கி எறிந்தேன். அதை நானே போய் எடுத்தும் வந்தேன்.

பல நாள் ஈ ஓட்டிய பிறகு உள்ளூரில் முதல் சேலை விற்றது. வந்தவர் பேரமே பேசவில்லை. “எங்க அக்கா கைத்தறிதான் கட்டும். நல்ல கனமா இருக்கு, இதையே குடுங்க” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பையில் மடித்துப் போட்டுக்கொண்டே, அக்காவுக்குப் பிறந்த நாளா என்று கேட்டேன்.

“இல்லங்க. காலையில தவறிருச்சு. கோடி போடணும்.”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி வர வேண்டும். அதுதான் கோடி. எத்தனை வயதில் செத்தாலும், எத்தனை பேரன் பேத்தி எடுத்தாலும், கடைசித் துணி அண்ணன் தம்பி கொண்டுவருவது. அவர் போன பிறகு கல்லாவில் இருந்த பணத்தைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை.

செய்தி பரவிவிட்டது. இறுதிச் சடங்குச் சாமான்கள் விற்கும் கடைக்காரர் ஒருவர் அடுத்த வாரம் வந்து, மொத்தமாகக் கிடைக்குமா என்றார். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஒரு நாள் டயம் கேட்டேன். அன்று முழுக்க என்னோடு நானே சண்டை போட்டேன். கடைசியில், யார் மேல் கிடந்தால் என்ன, தறி ஓடினால் போதும் என்று என் திமிரைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, சரி சொல்லப் போனேன். அவர் துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார்.

“இம்புட்டுக் கனம் எதுக்குங்க? சுடுகாடு வரைக்கும் தாங்குனாப் போதும். இதுல கால் விலைக்கு பாலியஸ்டர் வருது.”

சாவுக்கும் நான் கட்டுப்படியாகவில்லை. அதற்கு மேல் என்ன இருக்கிறது? கடையைக் காலி செய்தேன். மிச்சச் சரக்கைச் சென்னைக்காரர் ஒருவர் பழைய பேப்பர் போல அள்ளிக்கொண்டு போனார்.

தீபாவளி கழிந்து தறிக்காரர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். “வேன் வாசலுக்கே வருதுங்க. கோவிச்சுக்காதீங்க” என்றார். கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை? இரண்டு தறிக்குழியையும் கல் போட்டு மூடி சிமெண்டு பூசியிருந்தார்கள். அதன் மேல் மகளின் ஸ்கூட்டி நின்றது. அந்த வீட்டில் யாருக்கும் வருத்தம் இல்லை, எனக்கு மட்டும்தான். தறியிலிருந்து கடைசியாக அறுத்த சேலையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்த அம்மா, “இத எனக்கு எடுத்து வை” என்றாள். என் காதையே நம்ப முடியவில்லை. கட்டிக்கொள்ளவா என்றேன்.

“சீ. கோடிக்கு.”

அம்மாவுக்கு இருந்த ஒரே அண்ணன், என் மாமா, இறந்து வெகுகாலம் ஆகிறது. அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கிற வீட்டில் அவன் மனைவி மட்டும். தான் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து துணி வருமா என்ற பயம் அம்மாவை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. “இதக் கொண்டுபோய் அவட்டக் குடுத்து வச்சுருவோம். நான் போனா எடுத்தாந்து போடட்டும். கட்டத்தான் மாட்டேன்னேன். செத்த பெறகு எனக்கென்ன தெரியப்போகுது?” என்றாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. உயிரோடு இருக்கிறவள் ஒருத்தியும் கட்ட மாட்டாளா இந்த மாவட்டத்தில்?

அடைமழைக்கு நடுவே பஸ் ஏறிப் போனோம். மாமா மருமகள் தங்கமான பெண். காபியும் முறுக்கும் வைத்தாள். சேலையைப் பிரித்ததும் முகம் சுருங்கியது.

“சின்னம்மா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க அண்ணன் மகன் சிங்கப்பூர்ல இருக்காரு. அத்தைக்குக் காடாத்துணி போட்டான்னு ஊரு சிரிக்காதா? பட்டுச்சேலையாவே எடுத்தாறோம். நீங்க கவலையே படாதீங்க.”

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து எத்தனையோ வருடம்.

“பட்டுச்சேலையா?” என்றாள். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டு, “அரக்குக் கலரு எடு ஆத்தா. எனக்கு எடுப்பா இருக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். சாவைப் பற்றிய பேச்சு மாதிரியே இல்லை. நான் சேலையை மடித்துப் பையில் திரும்ப வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூட வரவில்லை. சாரல் முகத்தில் அடித்தது. அறந்தாங்கி தாண்டியதும் அம்மாவுக்கு நடுக்கம் எடுத்தது. என்னிடம் கேட்காமலே பைக்குள் கைவிட்டு, சேலையை உருவி, தலையோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

“நல்லாத்தாண்டி இருக்கு. கதகதன்னு. மார்கழிக்குப் போத்திக்க இன்னொண்ணு நெய்யச் சொல்றியா?”

“இனிமே வராதும்மா. குழிய மூடிட்டாங்க.”

அப்படியா என்று கேட்டுவிட்டு, அதை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனாள்.