எண்ணெய்க்குக் கேட்காத மாலைக்கண்

ஆலங்குடாவில் மாலைச் செபம் முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோதுதான் முதன்முதலாக அது நேர்ந்தது. கூட வந்தவர்கள் கதைத்துக்கொண்டே நடந்தார்கள். நான் காயப்போட்டிருந்த வலையில் கால் சிக்கி விழுந்தேன். அவர்களுக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. எனக்கு இல்லை.

எங்கள் கரையில் மாலைக்கண்ணுக்கு (பொழுதுபட்டால் பார்வை தெரியாமை) சுறா ஈரல் எண்ணெய்தான் மருந்து. குடித்துத் தெளிந்தவர்களை நானே கண்டிருக்கிறேன். அதனால் ஒருவரும் பயப்படவில்லை. மாமாவின் மகள் பிலோமினா காலையில் எண்ணெய் உருக்கிக் கொண்டுவருவாள். எங்கள் இருவருக்கும் கலியாணம் பேசியிருந்தது.

"மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்க மச்சான். பொழுதுபட்டாக் கோயில்ல வேற யாரிட கையையும் பிடிச்சிராதீங்க."

குடித்தேன். பார்வை திரும்பவில்லை. பகலிலும் ஓரங்கள் குறைந்தன. கரும்பலகை தெரிந்தது; பக்கத்தில் நின்ற பிள்ளை தெரியவில்லை. எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியனாகி அதிக காலமாகவில்லை. அப்பா கொழும்புக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் கண்ணில் மருந்து விட்டு, நடுவில் துளையுள்ள கண்ணாடியால் வெளிச்சத்தைப் பாய்ச்சி நெடுநேரம் பார்த்தார். விழித்திரையில் (கண்ணுக்குள் பின்புறம் உருவம் விழும் மெல்லிய படலம்) கறுப்பு நிறமி சிலந்திக் கால்கள் போலப் படிந்திருக்கிறதாம். அரிய நோய். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வரும்.

"தாய் தகப்பன் சொந்தமோ?"

"ஓம் ஐயா. மாமாட மகளைத்தான் முடிச்சன்," என்றார் அப்பா.

"இதுக்கு மருந்தில்லை. எண்ணெய் குணமாக்கிறது வேற மாலைக்கண். தம்பியும் சொந்தத்துக்குள்ள முடிச்சால் பிள்ளைகளுக்கும் வரலாம்."

புத்தளம் வரை ரயிலில் வந்தோம். களப்பைக் கடந்து ஊருக்குப் போகத் தோணியில் ஏறும்போது அப்பா சொன்னார்: "கண்ணுதானே போகுது. கலியாணம் ஏன் போகோணும்?"

கோயிலில் எங்கள் பெயர்களை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் வந்து சொல்லலாம் என்று பங்குச் சுவாமி கேட்பது வழக்கம். மூன்றாம் வாசிப்புக்கு முன் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பிள்ளைக்கும் நான் எண்ணெய் உருக்கிக் குடுப்பன். எங்கட அப்பா சுறா பிடிக்கிறத விட்டுட்டாரா?"

"இது எண்ணெய்க்குக் கேக்காது புள்ள."

"நீங்க ஒழுங்காக் குடிச்சிருக்க மாட்டீங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றே சுவாமியிடம் போனேன். தடை சொன்னவன் நான்தான்.

இதே நோய் உள்ளவர்களே, இதை யாராவது வாசித்துக் காட்ட நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். வலி இராது. உடம்பு எதையும் முன்கூட்டி அறிவிக்காது. கதவருகே வைத்த கதிரை (நாற்காலி) கதவருகேயே இருக்கட்டும் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். எனக்கு இப்போது நாள் என்பது நண்பகலைச் சுற்றிய கொஞ்ச நேரம். மற்றதெல்லாம் மாலை.

பிலோமினாவைச் சிலாபத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பகலில் நடந்த கலியாணப் பூசைக்குப் போயிருந்தேன். மிஞ்சியிருந்த பார்வை வட்டத்துக்குள் அவள் முகம் மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்றவன் இல்லை. பூசை முடிந்து அவள் பீடத்தை விட்டு நடந்தாள். நான் தலையைத் திருப்பவில்லை. வட்டத்தின் ஓரத்தைத் தொட்டதும் இல்லாமற்போனாள். காலடி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.