பத்தாம் வகுப்பு கோர்ட்டில் நான் நின்றது

1. பையைத் திற

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட் சாலையில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. திட்டக்குடி பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று யோசனை. அங்கே வேலை இருக்கிறதா என்று தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வேலை உண்டா என்று தெரியாமலே போன ஊர்கள் நிறைய.

சற்று முன்புவரை, கரண்டு ஃபியூஸ் மாட்டுகிற பீங்கான் கேரியர் செய்யும் யூனிட் ஒன்றில், பளபளப்பு வருவதற்காகப் பீங்கானை க்ளேஸ் கரைசலில் முக்கிக்கொண்டிருந்தேன். சுட்டெடுத்த பீங்கானில் மாட்டுகிற பித்தளைத் துண்டுகள் ஒரு பெட்டி காணவில்லை. சூப்பர்வைசர் நேராக என்னிடம் வந்தார்.

"பையத் தொற."

"எல்லாரு பையும் பாப்பீங்களா சார்?"

"அவங்கள்லாம் உள்ளூரு. நீ எங்கேருந்து வந்தன்னு எவனுக்குத் தெரியும்? தொறன்னா தொற."

திறந்திருந்தால் இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும்தான் தெரிந்திருக்கும். திறக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் பையோடு கிளம்பிவிட்டேன். எனக்கு இது பழகியது. சந்தேகம் வந்த இடத்தில் நான் சாயங்காலம் வரை நின்றதில்லை.

கேட்டைத் தாண்டியதும் மல்லிகா பின்னால் ஓடி வந்தார். சுடாத பீங்கானில் பிசிறு சுரண்டும் வேலை அவருக்கு.

"அண்ணே, ஸ்கூலு வழியாத்தான போறீங்க? எம் பொண்ணு கயலு சாப்பாட்ட மறந்து வச்சுட்டுப் போயிட்டா. குடுத்துட்டுப் போங்க."

"என்னை நம்பியா குடுக்கற? சோத்தையும் தூக்கிட்டான்னு சொல்லுவாங்க."

"தின்னுடுங்க. புளிச்சோறுதான், அவளுக்குப் புடிக்காது."

2. எல்லாருக்கும் ஜட்ஜ் வேஷம்

கயல் அரசுப் பள்ளியில் பத்தாவது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவள் வகுப்பில் பெஞ்சுகளை ஒதுக்கி வைத்துக் கோர்ட் போட்டிருந்தார்கள். அடிப்படை உரிமைகள், நீதிமன்றம் என்று வரும் பாடத்தை நடித்துப் பார்க்கிறார்களாம். முழங்கால் வரை தொங்கிய யாருடைய கறுப்புக் கோட்டையோ போட்டுக்கொண்டு, டீச்சர் நாற்காலியில் நீதிபதியாகக் கயல் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், எங்க அம்மாகூட வேல செய்யற மாமா" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவசரம் இல்லன்னா ஒரு உதவி பண்ணுங்க. எல்லாருக்கும் ஜட்ஜ் வேணுமாம், வக்கீல் வேணுமாம். குற்றம் சாட்டப்பட்டவரா நிக்க ஒருத்தனும் வர மாட்டேங்கறான்."

"எங்க அப்பா கேள்விப்பட்டா வூட்டுல சேக்க மாட்டாரு மிஸ்" என்றது கடைசி பெஞ்சு.

குறுக்கே போட்ட பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றேன். கேஸ் இதுதான்: கடைவீதியில் ஒரு சைக்கிள் காணவில்லை. அரசு வக்கீலாக தினேஷ் என்று ஒரு ஒல்லிப் பையன்.

"சைக்கிள் காணாமப் போன அன்னிக்கே பையத் தூக்கிக்கிட்டு ஊர விட்டுக் கெளம்பினீங்களா இல்லையா?"

பை என் தோளிலேயே இருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

"கெளம்பினேன்."

"திருடலன்னா ஏன் கெளம்பணும்?"

நடிப்பு என்பதே எனக்கு மறந்துவிட்டது. "இருந்து சொன்னா யாருப்பா நம்புவா?"

சிரிப்பு நின்றது. தினேஷ் நோட்டைப் புரட்டித் தேடினான். கயல்தான் பேசினாள்.

"இவரு எடுத்தத யாராவது பாத்தாங்களா?"

"இல்ல, மை லார்டு."

"மை லேடி சொல்லுடா" என்றது கடைசி பெஞ்சு.

"சைக்கிள் இவருகிட்ட கெடச்சிச்சா?"

"இல்ல."

"எடுத்தாருன்னு நீங்கதான் காட்டணும். எடுக்கலன்னு இவரு காட்ட வேண்டியதில்ல. விடுதலை."

டஸ்டரால் மேசையைத் தட்டினாள். சாக்பீஸ் தூள் பறந்தது. எனக்கு வக்கீலாக நின்ற பெண், "மிஸ், நான் இன்னும் வாயே தொறக்கல" என்று சண்டைக்குப் போனாள்.

டீச்சர் அவளைச் சமாதானப்படுத்திவிட்டுச் சொன்னார்: "ஊர விட்டுக் கெளம்பினதுக்காக மட்டும் ஒருத்தர தண்டிச்சிட முடியாது. ஆனா அவரு போயிட்டா, அவரு பக்கத்த யாரு சொல்றது? ரெண்டு பக்கமும் கேக்கத்தான் கோர்ட்டு."

மதிய மணி அடித்தது. வராந்தாவில் கயல் டப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நெசமாவே ஊருக்குப் போறீங்களா?"

பெட்டி காணாமல் போனதைச் சொன்னேன். மூடியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"எடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப சரி." புளிச்சோற்றில் பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

ஈரோட்டுச் சாயப்பட்டறையிலும் நாமக்கல் லாரி ஷெட்டிலும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். எடுத்தாயா என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும்வரை நானும் நின்றதில்லை. தின்றுவிட்டு மூடியைக் கழுவிக் கொடுத்தேன்.

3. திட்டக்குடி பஸ் போனது

நான் ஏறவில்லை. யூனிட்டுக்குத் திரும்பினேன். எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"நான் எடுக்கல சார். பாக்கறதா இருந்தா எல்லாரு பையும் பாருங்க, என்னுதையும் பாருங்க."

"இத சொல்லவா திரும்பி வந்த? வேல இல்ல, போ" என்றார். டம்ளரை வைத்துவிட்டு மல்லிகா மட்டும் எழுந்து நின்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது. அந்தப் பெட்டி கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகம் வந்தால் ரோஷப்பட்டு உடனே கிளம்பாதீர்கள். உங்கள் பக்கத்தை நாலு பேர் காதில் போட்டுவிட்டு, பிறகு வேண்டுமானால் கிளம்புங்கள். வேலை திரும்பக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அடுத்த ஊரில் தூக்கம் வரும்.

எனக்கு அடுத்த ஊர் தேவைப்படவில்லை. மறுநாள் காலை அதே தெருவில், எதிரே இருந்த பீங்கான் பொம்மை யூனிட்டில் போய் நின்றேன். முதலாளி அம்மா ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து எதுத்தாப்புலேருந்து கெளம்பிப் போனது நீதான?"

"நான்தாம்மா. ஒரு பெட்டி காணோம்னாங்க. நான் எடுக்கல."

"நாளைக்கு இங்க எதுனா காணோம்னா?"

"கேளுங்க. இருந்து பதில் சொல்றேன்."

அந்த அம்மா ஓர் அச்சை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "மோல்டுல மண்கூழு ஊத்தத் தெரியுமா?" என்றார்.

"காட்டினா செய்வேன்."

காட்டினார்கள். முதலில் ஊற்றியது ஒரு யானை. அச்சைப் பிரிக்கும்போது துதிக்கை என் கையோடு வந்துவிட்டது. அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உடைந்ததை மண் கரைக்கிற தொட்டியில் போட்டுவிட்டு இன்னொன்று ஊற்றச் சொன்னார்.