வலென்சியாவில் மதியச் சாப்பாடு

ஸ்பெயினின் வலென்சியாவில் நான் தங்கியிருந்த வீட்டில் மதியம் இரண்டரைக்கு மேல்தான் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆரஞ்சு உரித்தபடி, காபி குடித்தபடி பேச்சு நீளும். ஒருமுறை வீட்டுக்காரர் போனில் கால்பந்து ஸ்கோர் பார்த்ததற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மேசையில் போன் கூடாது என்று அன்றே எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

அதே நேரம் கேளம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் விளக்கு வைத்திருப்பார்கள். என் மகளுக்குச் சோறூட்டும் நேரம். மூன்று வயது நிரம்பவில்லை. கதை சொன்னால்தான் வாய் திறப்பாள். ஸ்பானிஷ் படிக்க அலுவலகம் என்னை இரண்டு மாதம் அனுப்பியபோது, செங்கல்பட்டிலிருந்து மாமியார் வந்து அவளைப் பார்த்துக்கொண்டார். தினமும் வீடியோவில் கதை சொல்வதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

முதல் வாரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து அறைக்கு ஓடினேன். வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே கூச்சமாக இருந்தது. பிறகு கதையை விட்டுவிட்டு மேசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பேசினால்தானே மொழி வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த மேசை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அங்கே யாருக்கும் நான் எதுவும் ஊட்ட வேண்டியதில்லை.

ஒருநாள் அறைக்கு வந்தபோது வீட்டிலிருந்து வரிசையாக அழைப்புகள். பதறிக் கூப்பிட்டேன்.

"இப்பதான் டைம் கெடச்சிதா?" என்றார் மாமியார். "நேத்து மாமல்லபுரம் கடல்ல ஒரே ஆட்டம். இன்னிக்கு ஒடம்பு கொதிக்குது. டாக்டராண்ட காட்டிட்டு இப்பதான் வூட்டுக்கு வந்தோம்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா அத்தை?"

"நீ எடுத்தாதானேம்மா சொல்றதுக்கு?"

அவர் பின்னால் மகள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மேசையில் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் என்னைக் கேட்டிருப்பாள்.

அழுத முகத்தைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் விசாரித்தார். தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

"அப்போதெல்லாம் குழந்தைக்காகவா ஓடினாய்? என் சமையல் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்தேன்!" என்றார். "அடி பைத்தியமே, அவளையும் மேசைக்குக் கூட்டிவர வேண்டியதுதானே?"

இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் விட்டதும், மேசையில் இருந்த தண்ணீர்க் குடுவையில் போனைச் சாய்த்து வைத்தது அவர்தான். திரையில் மாமியார் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். நான் அவசரமாகத் தொடங்கினேன். "ஒரு ஊர்ல ஒரு யானை..."

"கதை வாணாம்," என்றாள் மகள். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

"இப்பல்லாம் கதையில்லாமயே துன்றா," என்றார் மாமியார் பெருமையாக. "நீ கவலப்படாம சாப்புடு."

நல்ல செய்திதான். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் சாப்பிடுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.