ஆணியில் தொங்கிய சாவிகள்

இன்று பழைய பூட்டு ஒன்றைத் திறந்தபோது உள்ளங்கையில் ஏறிய துரு வாசம், திண்டிவனத்தை ஒட்டியிருந்த எங்கள் காலனிக்கு என்னை இழுத்துப்போனது. சென்னைக்குக் குடிபோகிற ஒவ்வொருவரும் சாவியை அம்மாவிடம்தான் கொடுப்பார்கள்.

"வூட்ட பார்த்துக்கினு, பொழுதுபோனா லைட்ட போட்டுவுடுங்கக்கா. பொங்கலுக்கு வந்துடுறோம்."

யாரும் வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் ஆணியில் சாவிகள் பெருகப் பெருக, அந்தியில் அம்மா வீடு வீடாக லைட் போட்டுக்கொண்டே போவாள். தெரு முழுக்க வெளிச்சமாக இருக்கும், ஆனால் எந்த வீட்டிலிருந்தும் ஒரு தாளிப்புச் சத்தமோ இருமலோ கேட்காது, நான் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

நாங்களும் கிளம்பிய அன்று, கதவைப் பூட்டிய அம்மா, சாவியைக் கொடுக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டின் சாவியும் அவள் கையில்தான் இருந்தது.