வீடு – இல்லை

தம்பி அவுஸ்திரேலியாவில் படிக்கிறான். போன கிழமை மின்னஞ்சலில் ஒரு அட்டவணையை அனுப்பி, “அக்கா, நீயும் முந்தி இந்த வேலதானே செய்த, ஒருக்காப் பாத்துச் சொல்லு” என்று எழுதியிருந்தான். அவன் இருக்கும் இடத்தில் பிரேசிலில் இருந்து வந்து குடியேறியவர்களும் தொங்கா என்ற தீவில் இருந்து வந்து குடியேறியவர்களும் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். தொங்கா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பள்ளிக்கூடக் காலத்துத் தேசப்படப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். பசிபிக் கடலில் மிளகு சிந்தியது போல நாலைந்து புள்ளிகள். என் சின்ன மகன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். புத்தகத்தை மூடும் சத்தத்துக்கு எழுந்துவிடுவானோ என்று திறந்தபடியே பக்கத்தில் வைத்தேன்.

அட்டவணையில் இடப்பக்கம் பிரேசில், வலப்பக்கம் தொங்கா. தொழில், படிப்பு, ஊருக்குப் பணம் அனுப்புகிறார்களா, ஒரு வீட்டில் எத்தனை குடும்பம் என்று வரிசையாகக் கேள்விகள். பிரேசில்காரர் பலர் படிக்க வந்து, வீடு துப்புரவாக்கும் வேலை செய்கிறார்கள். தொங்காக்காரர் பெரிய குடும்பங்களாகச் சேர்ந்து இருக்கிறார்கள், உழைப்பதில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கும் ஊருக்கும் கொடுக்கிறார்கள். தம்பி கவனமாகத்தான் எழுதியிருந்தான். ஐந்தாவது வரிசையில் என் கண் நின்றுவிட்டது. “சொந்த வீடு: உண்டு / இல்லை.”

எனக்கு உடனே அகதி முகாமில் கூடாரம் கட்டுகிற தறப்பாளின் மணம் வந்தது. வெயிலில் சூடேறிய புதுத் தறப்பாளின் மணம் ஒருமுறை மூக்கில் ஏறினால் போகாது. அதற்குக் கீழே மண்ணெண்ணெய், பிள்ளைகளின் மூத்திரம், அவித்த பருப்பு.

சண்டை நடந்த கடைசி வருடங்கள் அவை. வடக்கே கதிரவெளிப் பக்கத்தில் இருந்து மீன்பிடிக்கும் சனம் காடு கடந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. சில மாதத்தில் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வயல்காரச் சனமும் தோணியிலும் பாலத்தாலும் கரையேறி வந்தது. இரண்டு சனத்துக்கும் இரண்டு முகாம். நான் என் ஊர் ஆரையம்பதியில், ஐந்து மாதக் கைக்குழந்தையோடு, ஒரு நிவாரண நிறுவனத்தில் விபரம் எடுக்கிற வேலையில் இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தாளை வைத்து எழுத ஒரு மட்டை, இரண்டு பேனை, ஒரு கட்டுப் படிவம், கழுத்தில் தொங்கும் அட்டை. அந்த அட்டை கழுத்தில் கிடந்தால் சோதனைச் சாவடியில் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்பதால், குளிக்கப் போகும்போதுகூடக் கழற்ற யோசித்திருக்கிறேன்.

இரண்டு முகாம்களையும் ஒப்பிட்டு, யாருக்கு எது தேவை என்று அறிக்கை தயாரிப்பதுதான் வேலை. வீடு இழந்தவர்களுக்கு ஊர் திரும்பியதும் வீடு கட்ட உதவி. வீடே இல்லாதவர்களுக்குப் பாய், சட்டி பானை, வலை. அவ்வளவு சுருக்கமான கணக்கு அது.

கதிரவெளிக்காரரின் முகாமில் பகலில் ஆண்கள் இருந்தார்கள். கடலுக்குப் போக அனுமதியில்லை. கூடாரங்களின் நிழலில் குந்தியிருந்து, இல்லாத வலையைத் திருத்துவது போல விரல்களை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். படிவத்தில் முதல் கேள்வி, குடும்பத் தலைவர் பெயர். ஆண் முன்னால் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது? அவர்களைத்தான் கேட்டேன்.

தெய்வானையக்காவின் கூடாரம் நன்றாக நினைவில் இருக்கிறது. வாசலில் மணலைக் கூட்டிக் கோடு இழுத்து, அதற்கு அப்பால் செருப்போடு வரக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தா. அவவின் புருஷன் எனக்குக் குந்த ஒரு தகர டின்னைக் கவிழ்த்து வைத்தார்.

“சொந்த வீடு இருந்ததா அண்ணன்?”

“இல்ல தங்கச்சி.”

நான் ‘இல்லை’யில் புள்ளடி போட்டேன். பின்னால் இருந்து தெய்வானையக்கா, “இஞ்ச பாருங்க புள்ள, அது அப்பிடியில்ல” என்று தொடங்கினா.

“பொறுங்கக்கா, அவர் சொல்லி முடிக்கட்டும்.”

“அவர் சொல்லிட்டாருகா. நான் சொல்ல வாறது...”

“இவ கதைக்கத் தொடங்கினா ஒங்கட பேனையில மை முடிஞ்சிடும் தங்கச்சி” என்றார் புருஷன்.

“கடலுக்குப் போகாத மனிசனுக்கு வாய் மட்டும் நல்லா ஓடுது” என்றா அவ. பக்கத்துக் கூடாரத்தில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவவின் மூத்த மகள் சுமதி மட்டும் சிரிக்கவில்லை. பத்தொன்பது வயது. ஊரில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்களாம். கையில் மருதாணி போட்டுப் பழகிய அடையாளம் மங்கலாக இருந்தது.

“ஒங்களுட்டயும் கேப்பன், கொஞ்சம் பொறுங்க” என்றேன். கேட்கவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பால் கட்டி என் சட்டையின் முன்பக்கம் நனையத் தொடங்கியிருந்தது. வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். வீதியை மூடிவிட்டால் எப்படிப் போவது? மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த கூடாரத்துக்கு நடந்தேன்.

செட்டிபாளையத்தில் இருந்த வயல்காரரின் முகாமில் நிலைமை வேறு. ஆண்கள் கூலிக்குப் போய்விடுவார்கள். சிலர் விட்டு வந்த மாடுகளைப் பார்க்க ஒளித்து வாவியைக் கடந்து போவார்கள். திரும்பி வருவார்களா என்ற பயத்தில் பெண்கள் தண்ணீர்ப் பக்கமே பார்த்துக்கொண்டு எனக்குப் பதில் சொன்னார்கள்.

“வீடு இரிக்கியா எண்டு கேக்கீங்களா? நல்ல கல்வீடு. மூணு அறை. எங்கட அம்மா எனக்குத் தந்தது.”

உண்டு. உண்டு. உண்டு. புள்ளடி போட்டுக்கொண்டே போனேன்.

அட்டவணை அழகாக வந்தது. வயல்காரர் வீடு இழந்தவர்கள். மீன்காரர் முதலிலேயே வீடில்லாதவர்கள். இரண்டு சமூகங்களுக்கு இடையே இவ்வளவு தெளிவான வித்தியாசம் இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்று மேலாளர் பாராட்டினார். நான் அன்று வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைக்கு ஆட்டி விளையாட ஒரு கிலுக்கு வாங்கினேன். கொழும்புக்கு உதவிப் பட்டியல் அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் விடிகாலையில் எங்கள் வீட்டு ஒழுங்கையை ஆமிக்காரர் சுற்றி வளைத்தார்கள். வீடு வீடாகப் பதிவு. ஒரு சிப்பாய் பெரிய கொப்பியோடு படலைக்குள் வந்தான். வேறு இருவர் கிணற்றடியில் நின்றார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலை அட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். என் அவர் பள்ளிக்கூட வாத்தியார், செட்டிபாளையத்துக்காரர். கல்யாணம் செய்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. தாய் மகளுக்கு வீட்டைக் கொடுப்பா. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார்.

“இதில செட்டிபாளையம் போட்டிருக்கு” என்றான் சிப்பாய், அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. “இங்க ஏன் இருக்கிறது? வீடு யார்ட?”

“என்ட வீடில்ல சேர். இவட வீடு. எனக்கு வீடில்ல.”

“வீடு இல்ல?” சிப்பாய் கிணற்றடியில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களில் ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். சொந்த வீடில்லாத, வேறு ஊர் அட்டை வைத்திருக்கிற வாலிபனை என்ன செய்வார்கள் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை திடீரென்று வீரிட்டு அழுதது. நான்தான் அதன் காலை இறுக்கிப் பிடித்திருக்கிறேன், தெரியாமல்.

“அப்ப நீ விருந்தாளியா?” என்று கேட்டுவிட்டு, தன் பகிடிக்குத் தானே சிரித்து, சிப்பாய் எதையோ எழுதினான். போய்விட்டார்கள்.

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். “போயிட்டாங்க, எழும்பு” என்று அவர் சொன்னார்.

“இப்ப என்ன சொன்னீங்க அவனுக்கு?”

“எனக்கு வீடில்ல எண்டன். உள்ளதத்தானே சொன்னன்.”

அந்தக் கணத்தில்தான் தெய்வானையக்காவின் புருஷன் என் நினைவில் வந்து குந்தினார். இல்ல தங்கச்சி. உள்ளதைத்தான் அவரும் சொன்னார். வீடு அவருடையதல்ல. பின்னால் நின்று வாயைத் திறந்தவவின் வீடு. அம்மா எனக்குத் தந்த வீட்டின் நிலத்தில் இருந்துகொண்டு, அம்மா தந்த வீட்டுக்காரிகள் அத்தனை பேரையும் வீடில்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறேன். வெளியூர்க்காரி எழுதியிருந்தால் மன்னிக்கலாம்.

சொல்லுவதா, விடுவதா? சொன்னால் வேலை போகலாம். “கேட்டா மட்டும் சொல்லு” என்றார் அவர். சட்டையை மாற்றினேன், மாற்றிய சட்டையை மறுபடி மாற்றினேன், பிறகு அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன்.

மேலாளர் மலையகத்தைச் சேர்ந்தவர். அட்டவணையை வாங்கிப் பார்த்தார். “நாங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல வளர்ந்தவங்க. வீடு யாருதுன்னு கேட்டா தோட்டத்துதுன்னு சொல்லுவோம். எனக்கு இது தெரியாது. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்” என்றார். கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். பிறகு, “நாளைக்கு ரெண்டு மணிக்குப் பட்டியல் போகணும். வீட்டுக்காரம்மாவே கையெழுத்து வைக்கணும், இல்ல கைநாட்டு. யாருக்காகவும் யாரும் வைக்கக் கூடாது” என்றார்.

மறுநாள் காலை மைப்பெட்டியோடு கதிரவெளிக்காரரின் முகாமுக்குப் போனால், வீதியில் வரிசையாக பஸ். ஊர் திரும்ப உத்தரவு வந்துவிட்டதாம். சட்டிகளும் பாய்களும் கோழிகளும் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு பஸ் ஏற்கெனவே போய்விட்டது. மற்றவை உறுமிக்கொண்டு நின்றன. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு யன்னல் யன்னலாக ஓடினேன்.

“வீடு ஆருட பேரில?”

“என்ட பேரிலதான்! பின்ன, அவர்ர பேரிலயா?” என்று ஒருத்தி சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. “அண்டைக்கு ஏன்கா எங்களுட்டக் கேக்கல்ல?” என்று இன்னொருத்தி கேட்டா. பதில் சொல்ல நேரமில்லை. யன்னலால் கைகள் நீண்டன. பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அமர்த்துவேன். பஸ் நகரும், நானும் கூடவே நகர்வேன். ஒரு கையெழுத்து ‘ள’வின் சுழியோடு நின்று இழுபட்டுப் போனது. அதையும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

“தெய்வானையக்கா எங்க?”

“அவ முதல் பஸ்சில போயிட்டா. இடம் பிடிக்கணும் எண்டு முன்னுக்கே ஏறிட்டா.”

கடைசி பஸ்ஸும் போனபின் நான் தெய்வானையக்கா வாசலில் இழுத்திருந்த அந்த மணல் கோட்டின் அருகில் நின்றேன். கூடாரம் அவிழ்த்த இடத்தில் கோடு மட்டும் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அப்பால் போனேன் என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அவவின் படிவம் மேலே இருந்தது. மைப்பெட்டி திறந்திருந்தது. என் பெருவிரல் ஏற்கெனவே நீலம். ஒரு தரம் அமர்த்தினால் போதும். ஒப்பிட்டுப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. கோழி இறகுகளும் சாம்பலும்தான் சாட்சி.

நான் அமர்த்தவில்லை. அது நேர்மையா, பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேர்மை என்று சொல்லிக்கொள்ளத்தான் விருப்பம். ஆனால் மைப்பெட்டியை மூடுமுன் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. நேர்மை திரும்பிப் பார்க்குமா?

அவவுக்கும் முதல் பஸ்சில் போன மற்றவர்களுக்குமாகக் கொழும்புக்கு மூன்று கடிதம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த கட்டம் வரவில்லை. பாதை திறந்தபின் ஒருமுறை கதிரவெளிக்குப் போனேன். இரு பக்கத்திலும் புதுத் தகரக் கூரை பளபளத்தது. நடுவில் அவவின் வளவில் ஒரு சுவரும் கதவு நிலையும் நின்றன. அவற்றில் அதே தறப்பாளைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். வெறுந்தேத்தண்ணி தந்தா. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நான் வழியெல்லாம் பாடமாக்கி வந்ததை அவ கேட்கவேயில்லை.

“அண்டைக்கு நான் சொல்ல வந்தது இதத்தான் புள்ள” என்றா, அந்த நிலையைக் காட்டி. “சுமதிக்குக் குடுக்க வெச்சிருந்த வீடு.”

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாரிகாலம் பொறுத்தார்களாம். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். சுமதி வீடு கட்டப் பணம் சேர்க்கவென்று குவைத்துக்குப் போனாள். யாருடைய வீட்டையோ கூட்டித் துடைக்கிறாள். அந்த நாட்டிலும் யாரோ மட்டையோடு வந்து ஒரு அட்டவணை எழுதினால், அவளும் ஒரு புள்ளடியாக விழுவாள், தம்பியின் பிரேசில் பெண்களைப் போல.

தம்பிக்கு நேற்றுப் பதில் எழுதினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஐந்தாவது வரிசையை மட்டும் திரும்பப் போய்க் கேள் என்றேன். யாரிடம் கேட்டாய், அவர் பதில் சொல்லும்போது பின்னால் நின்று வாயைத் திறந்தது யார் என்றும் கேட்டிருக்கிறேன். “எனக்கு மூண்டு நாள்தான் இரிக்கி அக்கா” என்று எழுதியிருக்கிறான். மூன்று நாள் எவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது.

முகாம் இருந்த இடம் இப்போது விளையாட்டு மைதானம். வேலை அட்டையைப் பிள்ளை கடித்துக் கடித்து, அதில் இருந்த என் முகம் அழிந்துவிட்டது. போன வருடம் மறுபடி கதிரவெளிக்குப் போனேன். தெய்வானையக்காவும் புருஷனும் தங்கை வீட்டோடு போய்விட்டார்களாம். சுமதி இன்னும் வரவில்லை. வளவில் சுவரும் இல்லை, நிலையும் இல்லை. எருக்கலை முளைத்துக் கிடந்தது. எந்தப் பக்கம் வாசல் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொந்த வீடு: இல்லை. அன்று நான் எழுதியபோது அது பொய். இப்போது உண்மை.